துக்கப்படுகிறவர் ஆசிரியர் ஆகார்

வக்கீல் கோர்ட்டிலிருந்து இன்னும் வரவில்லை, வந்துவிடுவார், உட்காருங்கள் என்று சொல்லிவிட்டு ஜூனியர் பெண் உள்ளே போய்விட்டது. வரட்டும், மெதுவாகவே வரட்டும். சாப்பிட்டு, வெற்றிலை போட்டு, ஒரு தூக்கமும் போட்டுவிட்டு வந்தாலும் எனக்கு ஒன்றும் அவசரமில்லை. அவர் வந்தால் கேட்பார், கேட்டால் நான் சொல்ல வேண்டும், அதுவும் பிலோமியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. அவளை வர வேண்டாம் என்றுதான் சொன்னேன். எம்பிள்ளை கல்லறையைப் பத்தின பேச்சு, நான் வராம யாரு வருவா என்று சேலையை மாற்றிக்கொண்டு எனக்கு முன்னால் படியிறங்கிவிட்டாள். அவள் மடியில் ஜவுளிக்கடை மஞ்சப்பை, பைக்குள் நோட்டீஸ். மடித்த மடிப்பிலேயே அது கிழியப் பார்க்கிறது, அத்தனை தடவை பிரித்துப் படித்தாயிற்று. படித்தது நான்தான், அவள் தொடவில்லை. கீழே மருந்துக்கடை, அங்கிருந்து ஸ்பிரிட் வாடை மாடிப்படியேறி வருகிறது, இந்த வாடை வந்தால் ஆஸ்பத்திரி வராந்தா வரும், வராந்தா வந்தால் அந்த நர்ஸ் வருவாள், வேண்டாம், அந்தப் பக்கம் போக வேண்டாம், நோட்டீசுக்கே போவோம், நோட்டீஸ் தேவலை. நல்ல தமிழில் எழுதியிருக்கிறார்கள், தமிழுக்குத் தொண்டு செய்கிற பாட்டுக் கம்பெனி அல்லவா. மேற்படி பதாகையிலும் கல்லறைக் கல்லிலும் தாங்கள் ‘துயருறும் தந்தை’ என்று மட்டுமே குறிப்பிடப்பட்டுள்ளீர்கள், துயருறுவதனால் மட்டும் ஒருவர் அவ்வரிகளின் ஆசிரியர் ஆகார். ஆகார். அந்த ஆகாருக்காகவே அந்த வக்கீலுக்குக் கை கொடுக்கலாம். எங்கள் ஊரில் கண்ணீர் அஞ்சலி பேனர் அடித்தால் கீழே கவிதை எழுதினவன் பேரையா போடுவார்கள்? இவண், துயருறும் தந்தை இன்னாசிமுத்து, தாய் பிலோமினா, மாமன் இன்னார், மச்சான் இன்னார், தெருப் பொதுமக்கள் என்றுதான் போடுவார்கள். அழுகிறவன் பேர்தான் வரும். அழுகிறவன் வேறு, எழுதுகிறவன் வேறு என்று சட்டத்தில் இருக்கிறதாம், போன தடவை வந்தபோது நம் வக்கீலும் தலையை ஆட்டினார். இருக்கட்டும், சட்டம் எழுதினவன் வீட்டில் எழவு விழாமலா இருந்திருக்கும்.

மூன்றே வரி. நாலு மணிப் பஸ் வந்துவிட்டது, எல்லாரும் இறங்கிவிட்டார்கள், நான் இன்னும் நிற்கிறேன். இவ்வளவுதான். இதைத் திருடினேன் என்கிறார்கள். எதுகை உண்டா, மோனை உண்டா, திருடுகிறவன் இன்னும் கொஞ்சம் நல்லதாகப் பார்த்துத் திருடியிருக்க மாட்டானா. நான் ஆயுசில் எழுதினதெல்லாம் நூல் மில் டைம் ஆபீசில் கேட் பாசும் லீவுச் சீட்டும்தான், ஷிப்டுக்கு லேட்டாக வந்தவன் பேருக்கு நேரே சிவப்பு மையில் ஒரு கோடு, அந்தக் கோடுதான் என் இலக்கியம். போன வருஷம் அந்த மூன்று வரியும் சினிமாப் பாட்டாக வந்தது, நடுவில் புல்லாங்குழல் எல்லாம் வைத்து. எழுதினவர் கவிஞர் நிலாவழுதி. டிவியில் உட்கார்ந்து விளக்கம் சொன்னார், நாலு மணி என்பது வாழ்க்கையின் அந்திக் காலமாம், பஸ் என்பது காலமாம், இறங்கிப் போனவர்கள் என்பது அவருடைய கல்லூரிக் காதலியாம். கல்லூரி நாளிலேயே ஒரு கவியரங்கத்தில் படித்தாராம், கேட்டவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்களாம். கேட்கிறவன் கேணையனாக இருந்தால் கேழ்வரகில் நெய் வடிகிறது என்பார்கள். என் பிள்ளைக்குப் பதினேழு வயது, அவளுக்கு எங்கிருந்து வந்தது அந்திக் காலம்? நாலு மணி என்றால் நாலு மணி, பள்ளிக்கூடம் விட்டு வருகிற பஸ் என்று அர்த்தம், அதுவும் ஒரு நாளாவது நாலு மணிக்கு வந்ததில்லை. இதை அப்படியே விட்டிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. என் அக்கா மகன் ஜெரால்டு கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறான், கல்லறைத் திருநாளுக்கு வந்தவன் ரோஸ்லின் கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றி, பூப் போட்டு, கல்லை செல்போனில் படம் பிடித்து, அந்த வரியோடு யூடியூபில் போட்டான். பாட்டுக் கம்பெனி புகார் செய்தது, வீடியோ போய்விட்டது. அத்தோடு சும்மா இருந்தானா, பேனர் அடித்த கடையில் விசாரித்துத் தெரிந்துகொண்டு, இது எங்க மாமா எழுதினது, நீங்கதான்டா திருடனுங்க என்று அவர்கள் பக்கத்திலேயே போய் எழுதிவிட்டான். இளரத்தம். நோட்டீஸ் அவனுக்கா வந்தது? கல்லில் பேர் இருக்கிறவனுக்கு வந்தது. வீடியோவை மறுபடி போடக் கூடாது, இனி பேனரில் அடிக்கக் கூடாது, கல்லில் இருக்கிற வரிகளை அகற்ற வேண்டும், எழுத்து மூலம் மன்னிப்புக் கேட்க வேண்டும், இல்லாவிட்டால் சென்னையில் வழக்கு. கல்லில் இருப்பதை அகற்ற வேண்டும். அதைப் படித்த அன்று ராத்திரிச் சோற்றைப் பிசைந்தபடியே வைத்துவிட்டு எழுந்தேன். மற்றதற்கெல்லாம் எனக்குக் கோபம் வந்தது, இதற்குப் பயம் வந்தது, சொன்னால் வெட்கம், போய்ப் பிள்ளையை எழுப்பி வேறு இடம் மாற்றிப் படுக்கச் சொல்கிற மாதிரி ஒரு பயம். கல்லறைத் திருநாள் அடுத்த மாசம் மறுபடி வருகிறது.

பிலோமியின் செல்போன் அடிக்கிறது. அடிப்பது அந்தப் பாட்டு. வக்கீல் ஆபீசில், திருட்டு நோட்டீசை மடியில் வைத்துக்கொண்டு, நாலு மணிப் பஸ் வந்துவிட்டது என்று பாட்டுக்காரப் பையன் புல்லாங்குழலோடு குழைகிறான், ஜூனியர் பெண் கதவிடுக்கில் எட்டிப் பார்க்கிறது. பிலோமி பதறவில்லை. பைக்குள் கையை விட்டு, துழாவி, அவள் தங்கச்சிதான், பிறகு பேசுகிறேன் என்று வைத்துவிட்டாள். எத்தனை தடவை சொல்லிவிட்டேன், அந்தச் சனியனை மாற்று என்று. மாற்ற மாட்டாள். நம்ம பிள்ளை பாட்டுங்க என்பாள். மினி பஸ்ஸில் அது வந்தால் கண்ணை மூடிக்கொள்வாள், டீக்கடையில் வந்தால் நடையைக் குறைப்பாள், ஊரெல்லாம் எம்பிள்ளைக்குப் பாட்டுப் பாடுது, நாம போனப்புறமும் பாடிக்கிட்டுக் கிடக்கும் என்பாள். யார் எழுதினால் அவளுக்கு என்ன. அவளைப் பொறுத்தவரை பிளக்ஸ் கடை ஆல்பத்தில் இருந்த வரி, யாரோ பொது மனுஷன் எழுதியது, அதையே கவிஞரும் எடுத்தார், நாமும் எடுத்தோம், இதில் என்ன சண்டை. நான்தான் எழுதினேன் என்று அவளிடம் நான் சொன்னதேயில்லை. சொல்லியிருந்தால் எங்கே, எப்போது, எதனால் என்று கேட்டிருப்பாள். ஊருக்கெல்லாம் நான் திருடவில்லை என்று நிரூபிக்க வேண்டியவன், பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவளுக்கு நான் எழுதினேன் என்றே சொல்லாதவன். என் லட்சணம் இதுதான். வியர்க்கிறது, மின்விசிறி சுற்றுகிற வேகத்துக்கு அதன் இறக்கையை எண்ணிவிடலாம்.

பிளக்ஸ் கடை பூபதியை நான் குறை சொல்ல மாட்டேன். முதலாம் ஆண்டு நினைவு நாளுக்குப் பேனர் அடிக்கப் போனபோது அவன் கடையில் ஒரு ஆல்பத்தை எடுத்துப் போட்டான், லேமினேட் பண்ணின தாள்கள், அப்பாவுக்கு, அம்மாவுக்கு, பெரியவர்களுக்கு, விபத்துக்கு, வாலிபப் பிள்ளைகளுக்கு என்று பிரித்து வைத்திருந்தான், நம்பரைச் சொன்னால் போதும். வாலிபப் பிள்ளைகளுக்கு என்பதைப் புரட்டினேன். எல்லாவற்றிலும் மொட்டு, எல்லாவற்றிலும் கருகல், வாடிய மலரே, வதங்கிய கொடியே. அவள் ஒன்றும் மொட்டு இல்லை. தட்டில் மீன் துண்டு சின்னதாக விழுந்தால் சண்டை போடுகிற பிள்ளை, காலையில் தலை பின்னுகிறபோது அம்மாவோடு ஒரு சண்டை, ரிமோட்டுக்கு என்னோடு ஒரு சண்டை. வேறு இருக்கா தம்பி என்றேன். நீங்களே சொல்லுங்கண்ணே, அடிச்சுருவோம் என்றான். அவன் மேஜையில் யாரோ போட்டுவிட்டுப் போன கல்யாண பேனர் பில் கிடந்தது, அதன் முதுகில் எழுதினேன். யோசிக்கவில்லை. எழுதிவிட்டுத்தான் படித்தேன். பூபதி தட்டச்சு அடித்துவிட்டு, எழுந்து போய் டீ வாங்கி வந்து கொடுத்தான். கடை வழக்கம் என்னவென்றால், ஒருத்தருக்குச் செய்த டிசைன் அப்படியே இருக்கும், அடுத்தவர் வந்தால் போட்டோவையும் பேரையும் தேதியையும் மாற்றிக் கொடுப்பான், கல்யாணமும் அப்படித்தான், காதுகுத்தும் அப்படித்தான், எழவும் அப்படித்தான். என் வரியை நாங்கள் கல்லறைக் கல்லிலும் பொறித்தோம், அவன் கடையில் அது ஆல்பத்திலும் ஏறிவிட்டது. முதலில் பக்கத்து ஊரில் ஒரு பள்ளிக்கூடத்து வாத்தியாருக்கு வந்தது. பிறகு ஒரு பெரிய பண்ணையாருக்கு, சொந்தமாக மூன்று பஸ் ஓட்டினவர், வாழ்நாளில் ஒரு டிக்கெட் எடுத்திருக்க மாட்டார், அவரும் நாலு மணிப் பஸ்ஸிலிருந்து இறங்கவில்லை. பிறகு ஒரு ஜல்லிக்கட்டுக் காளைக்கு. கொம்பில் மாலையோடு காளையின் போட்டோ, கீழே எல்லாரும் இறங்கிவிட்டார்கள். அன்றைக்கு மட்டும் நான் சிரித்தேன், பிள்ளை போனபிறகு முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தேன், ரோஸ்லின் பார்த்திருந்தால் உருண்டிருப்பாள். ஆனால் ஒரு தடவை பஸ் ஸ்டாண்டு சுவரில் யாரோ ஒரு அம்மாவின் படம், எனக்கு அந்த அம்மா யாரென்றே தெரியாது, அதன் கீழே என் வரி, அதற்கு முன்னால் ஒரு ஆள் லுங்கியோடு நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான். நானும் கொஞ்ச நேரம் அவன் பக்கத்தில் நின்றேன். எனக்கு அப்போது கோபம் வரவில்லை, எடுத்துக்கொள்ளட்டும் என்றுதான் இருந்தது. எத்தனை பேர் எடுத்தார்கள், ஒருத்தராவது என்னைத் திருடன் என்று சொல்லவில்லையே. எடுத்ததும் அல்லாமல் பறிகொடுத்தவனுக்கே நோட்டீஸ் விடுகிறவரைத்தான் கவிஞர் என்கிறார்கள் போலிருக்கிறது. பூபதியிடம் சாட்சிக்கு வருகிறாயா என்றேன். அண்ணே, நானும் அத்தனை பேருக்கு அடிச்சுக் குடுத்துருக்கேன், என்னையும் சேர்த்துல்ல இழுப்பாங்க, கம்ப்யூட்டரையும் பார்மட் பண்ணியாச்சு என்று தரையைப் பார்த்தான். பொய்யில்லை, பயம்தான். முதலில் அடித்த பேனர்? அது நாலு மாசத்தில் இறங்கி, மச்சான் வீட்டு ஆட்டுக்கொட்டகைக்குக் கூரையாகிவிட்டது. போய்ப் பார்த்தேன். வெயிலில் ரோஸ்லின் முகம் முழுக்க வெளுத்துவிட்டது, எழுத்தும் போய்விட்டது, துயருறும் என்பது மட்டும் ஓரத்தில் மிச்சம் இருந்தது. ஆடுகள் நனையாமல் இருக்கின்றன, அந்த மட்டும் சந்தோஷம்.

இதெல்லாம் போன தடவை தனியாக வந்தபோதே வக்கீலிடம் சொல்லிவிட்டேன், இதெல்லாம் சுலபம். அவர் கேட்டது வேறு. தேதியை வச்சு அவங்கள மடக்க முடியாது, அந்தாளு முன்னாடியே மேடையில படிச்சேங்கிறாரு, நீங்க எந்தச் சூழ்நிலையில எழுதினீங்க, அந்த பஸ் எது, அந்த ஸ்டாப் எது, உங்களுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம், அதை விவரமா சொல்லுங்க, அது ஒருத்தருக்கு மட்டும்தான் தெரிஞ்சிருக்க முடியும்னு நாம காட்டணும், அடுத்த தடவை யோசிச்சிட்டு வாங்க என்றார். யோசிக்க என்ன இருக்கிறது. புதுப்பாலம் ஸ்டாப். அங்கே இறங்கினால் எங்கள் தெருவுக்குப் புளியமரச் சாலையில் நல்ல தூரம் நடக்க வேண்டும், ஸ்டாப்பை ஒட்டியே ஒயின்ஷாப், பகலிலேயே நாலு பேர் உருண்டு கிடப்பான்கள், வயசுப் பிள்ளையைத் தனியாக விட முடியுமா. காலை ஷிப்டு இரண்டு மணிக்கு முடியும், வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டு மொபெட்டை எடுத்துக்கொண்டு போய் நிற்பேன். அவள் இறங்கி, பையை முன்னால் வைத்துவிட்டு, பின்னால் ஏறி, ஏறின நிமிஷத்திலிருந்து பேச ஆரம்பிப்பாள். காய்ச்சல் வந்து அந்த வாரத்திலேயே போய்விட்டாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்தது, உறவுகள் போனார்கள், நான் மில்லுக்குப் போனேன், இரண்டு மணிக்கு வந்தேன், சாப்பிட்டேன், மொபெட்டை எடுத்தேன். ஸ்டாப்புக்குப் போய் நின்ற பிறகுதான் எதற்கு வந்தோம் என்று உறைத்தது. பஸ் வந்தது. அவளோடு படித்த பிள்ளைகள் இறங்கினார்கள், என்னைப் பார்த்ததும் பேச்சு நின்றது. திரும்பி வந்துவிட்டேன். மறுநாள் தெரிந்தே போனேன். பிறகு தினமும் போனேன். பஸ் வரும், எல்லாரும் இறங்குவார்கள், பஸ் போகும், அதற்கப்புறமும் கொஞ்ச நேரம் நிற்பேன். அந்தக் கொஞ்ச நேரம்தான் நாளிலேயே எனக்கு உருப்படியான நேரம். பைத்தியம் இல்லை, வரமாட்டாள் என்று நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டு நிற்பதில் என்ன இருக்கிறது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. ஊர்க்காரன் பார்ப்பான் அல்லவா, இன்னாசி தினமும் சாயங்காலம் ஒயின்ஷாப் வாசலில் நிற்கிறான், சொல்லிவிட்டார்கள் பிலோமியிடம். பிள்ளை போன துக்கத்தில் குடிக்க ஆரம்பித்துவிட்டான், பாவம்.

நான் இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவள் கேட்ட அன்றைக்கு, அடுப்பங்கரையில், கண்ணெல்லாம் சிவந்து, எங்க போறீங்க தெனமும் என்று கேட்டாளே, அப்போது வாயைத் திறந்திருக்கலாம். என்ன சொல்வது? பஸ்ஸுக்கு நிற்கிறேன் என்றா? குடிகாரன் என்று சொன்னால் ஊருக்குப் புரியும், அவளுக்கும் புரியும், குடிக்கு மருந்து உண்டு, சாமியார் உண்டு. இதற்கு என்ன உண்டு? பேசாமல் இருந்தேன். மௌனம் சம்மதம் ஆகிவிட்டது. சாமியாரிடம் கூட்டிக்கொண்டு போனாள். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து, பீடத்துக்கு முன்னால், வேதாகமத்தில் கை வைத்து, இனி குடிக்க மாட்டேன், அந்தப் பக்கமே போக மாட்டேன் என்று சத்தியம் பண்ணினேன். குடிக்க மாட்டேன் என்பதைச் சத்தமாகச் சொன்னேன், அதில் என்ன கஷ்டம், தொட்டதேயில்லை. அந்தப் பக்கமே போக மாட்டேன் என்பதைத்தான் சாமியார் இரண்டு தடவை எடுத்துக்கொடுக்க வேண்டியிருந்தது. கோயிலே அழுதது, குடியை விடுகிறவன் படுகிற பாட்டைப் பார்த்து. பிலோமி என் கையைப் பிடித்துக்கொண்டாள், பிள்ளை போனபிறகு அன்றைக்குத்தான் தொட்டாள். அதற்கப்புறம் நான் ஸ்டாப்புக்குப் போகவில்லை. சத்தியம் சத்தியம்தானே. மதுவிலக்கு சபைக் கூட்டத்தில் என்னைப் பேசச் சொன்னார்கள், ஒரே நாளில் விட்டவன் என்று சால்வை போட்டார்கள், அந்தச் சால்வை இன்னும் பீரோவில் இருக்கிறது. திருடினேன் என்று இப்போது சொல்கிறார்களே, இது ஒன்றும் புதிதில்லை, செய்யாததைச் செய்தேன் என்று ஒரு தடவை சால்வை போட்டார்கள், இன்னொரு தடவை நோட்டீஸ் போடுகிறார்கள். ஆனால் பிலோமி. பிள்ளையத்தான் காப்பாத்த முடியல, இவரையாச்சும் காப்பாத்திக் கொண்டாந்தேன் என்று அவள் பெண்களிடம் சொல்வதை நான் கேட்டிருக்கிறேன். அவளுக்கு ஜெயித்தது அது ஒன்றுதான். நான் உள்ளே போய் உண்மையைச் சொன்னால் மூன்று வரி எனக்குக் கிடைக்கும், கிடைக்குமா என்பதும் தெரியாது, ஆனால் அவளுடைய அந்த ஒன்று போய்விடும். அதைப் பிடுங்கிக்கொண்டு எந்தக் கல்லறையில் எந்த வரியை வைத்து நான் என்ன செய்யப் போகிறேன். பேசாமல் மன்னிப்புக் கேட்டுவிடலாம். கேட்டால் ஒரு தாள், ஒரு கையெழுத்து, ஒரு கல்தச்சன், முடிந்தது. முடிந்துவிடுமா.

வக்கீல் தியாகசுந்தரம் படியேறி வருகிற சத்தம், மூச்சு வாங்குகிறது, நல்ல மனுஷன், தெரிந்தவர் சொன்னதற்காக எடுத்துக்கொண்டார். உள்ளே கூப்பிட்டார். உட்கார்ந்ததும் முகமெல்லாம் சிரிப்பு. எதிர்த்தரப்பு வக்கீலிடம் போனில் பேசினாராம், கவிஞரும் மனம் இரங்கிவிட்டாராம், மகளை இழந்த தகப்பன் என்று கேட்டதும் ரொம்ப வருத்தப்பட்டாராம். கல்லில் வரிகள் அப்படியே இருக்கலாம், அகற்ற வேண்டியதில்லை, அவர்களே அனுமதி தருகிறார்கள். ஒரே ஒரு நிபந்தனை, வரிகளுக்குக் கீழே, சின்ன எழுத்தில் போதும், நன்றி, கவிஞர் நிலாவழுதி என்று பொறித்துவிட வேண்டும். அதைப் படமெடுத்து அனுப்பினால் வழக்கு இல்லை, மன்னிப்பும் வேண்டாம். ரொம்பக் கௌரவமான ஏற்பாடு என்றார் வக்கீல். பிலோமி என் பக்கம் திரும்பினாள். அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது, கல் தப்பிவிட்டதே என்கிற வெளிச்சம்.

“சரின்னு சொல்லிருங்க. சின்ன எழுத்துதான?”

ரோஸ்லின் தலைமாட்டில் அந்த ஆள் பேர். அவள் பேர், பிறந்த தேதி, இறந்த தேதி, அதற்குக் கீழே நிலாவழுதி. வருஷா வருஷம் நான் மெழுகுவத்தி ஏற்றுவேன், வெளிச்சம் முதலில் கீழே இருக்கிற எழுத்தில்தான் விழும். நன்றியாம். யாருக்கு நன்றி, எதற்கு நன்றி. முடியாது சார் என்று வாயிலிருந்து வந்துவிட்டது. வக்கீல் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். அப்படியானால் எழுத்தை அடித்துவிட்டு வேறு ஏதாவது இரண்டு வரி பொறித்துக்கொள்ளுங்கள், பிரச்சினையே இல்லை, எழுதத் தெரிந்தவர்தானே நீங்கள் என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை, ஒரு வழி காட்டினார். நான் நிஜமாகவே யோசித்துப் பார்த்தேன். அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடி, வேறு இரண்டு வரி. ஒன்றும் வரவில்லை. மொட்டும் மலரும்தான் வந்தது.

“எனக்கு வேற வராதுங்க சார். அவருக்கு ஆயிரம் வரி வரும். எனக்கு வந்தது அது ஒண்ணுதான்.”

வக்கீல் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு பிலோமியிடம் திரும்பி, அம்மா, இவர்தான் எழுதினார் என்று உங்களுக்காவது தெரியுமா, நீங்கள் பார்த்தீர்களா என்றார். அவள் திகைத்துப்போனாள். கடைக்காரத் தம்பி போட்டதுன்னுல்ல சார் நெனச்சுக்கிட்டு இருந்தேன் என்றாள், சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள், பார்த்துவிட்டு மறுபடி, நீங்களா என்றாள். பேனாவை எடுத்துக்கொண்டு வக்கீல் காத்திருந்தார். சொன்னேன். அவளைப் பார்க்காமல் மேஜையைப் பார்த்துச் சொன்னேன். மொபெட், இரண்டு மணிக்கு முடிகிற ஷிப்டு, புதுப்பாலம், இறங்கின பிள்ளைகள், பஸ் போன பிறகு நின்றது, ஒரு நாள் இல்லை, சத்தியம் பண்ணின ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் எல்லா நாளும். சத்தியத்துக்குப் பிறகு போகவில்லை என்பதையும் சொன்னேன். போகாமல் இருந்தும் நின்ற மாதிரியே இருந்தது, அதைத்தான் எழுதினேன் என்றேன். இதையெல்லாம் சொல்ல இவ்வளவு நேரம்தான் ஆகும் என்று எனக்குத் தெரியாது, இத்தனை வருஷம் சொல்லாமல் வைத்திருந்தது நாலு வாக்கியத்தில் தீர்ந்துவிட்டது. பிலோமி மஞ்சப்பையின் காதை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

“அப்ப நீங்க குடிக்கலையா?”

இல்லை என்றேன்.

“ஒரு நாள்கூடயா?”

ஒரு நாள்கூட இல்லை. அவள் வாய் கோணியது, அழப்போகிறாள் என்று நினைத்தேன், அழவில்லை. வாடையே அடிக்கலையேன்னு நெனச்சேன், கொய்யா இலை மென்னுட்டு வாராருன்னு நெனச்சேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பிறகு, பெறகு எதுக்குச் சத்தியம் பண்ணுனீங்க என்றாள். நீ கேட்டியே என்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்தது, நிஜமான கோபம், வீட்டுக்குப் போனதும் இருக்கிறது உனக்கு என்கிற கோபம், அது எத்தனை நாள் இருக்கும் என்று எனக்குத் தெரியாது, தீராமலே போனாலும் போகும், அவளிடம் மிச்சமிருந்ததை நான் எடுத்துவிட்டேன். வக்கீல் தொண்டையைச் செருமிக்கொண்டு, இதையெல்லாம் பதிலில் எழுதலாமா, ஊருக்குத் தெரிஞ்சுரும், அம்மாவுக்குச் சம்மதமா என்று கேட்டார். பிலோமி பையை மடியிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

“எழுதுங்க சார். எல்லாத்தையும் எழுதுங்க. எழுதிட்டு, அந்தக் கவிஞரு எந்த ஸ்டாப்புல நின்னாருன்னு கேளுங்க.”